புனிதர் பெயர்களும் தமிழ் ஒலிமரபும்: சிங்கப்பூரை முன்வைத்து ஒரு மதிப்பீடு

சிராங்கூன் சாலைக்கு அணித்தே, ஓஃபீர் சாலையில் லூர்து அன்னை ஆலயம் அமைந்துள்ளது. பிரெஞ்சு மறைப்பணியாளர்தம் முயற்சியால் தமிழ்க் கத்தோலிக்கருக்கென 1888இல் எழுந்த இவ்வாலயம், 2005இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. இங்கு நாம் கருத்திற் கொள்வது அதன் பெயரையே. பிரெஞ்சு எழுத்தில் இப்பெயர் சகரத்தில் முடியும். ஒலிப்பில் அச்சகரம் இல்லை. ‘லூர்து’ என்னும் தமிழ் வடிவமும் அதனை விடுத்து, குற்றியலுகரம் பெற்று முடிகிறது. எழுத்தை நோக்காது செவியை நம்பிய வடிவம் இது எனலாம்.

புனிதர் பெயர்களைத் தமிழ் இருவகையாக ஏற்றுள்ளது. ஒன்று பொருள்பெயர்ப்பு: முடியப்பர், அருளப்பர், சின்னப்பர் என்பன முறையே ஸ்தேவான், யோவான், பவுல் ஆகியோரைக் குறிப்பன. மற்றொன்று ஒலிபெயர்ப்பு: சூசை, சவேரியார், அந்தோணியார் என்பன. வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்த அமைக்க வேண்டும் என்னும் தொல்காப்பிய நெறி, வடசொல்லுக்குக் கூறப்பட்டதெனினும், இவற்றிற்கும் பொருந்தும்.

இன்று சிங்கப்பூரில் மூன்றாவது வழக்கொன்று மேலோங்கி வருகிறது. அது பிரெஞ்சுப் பெயரை ஆங்கில வாசிப்பின் வழியே தமிழில் எழுதுவது. லூர்து நகரில் 1858இல் காட்சி கண்ட பெண்ணை ‘பெர்னடெட்’ என எழுதுவது இவ்வகையினது. பிரெஞ்சுத் தகரம் பல்லொலி. தமிழ்த் தகரமும் அத்தகையதே. எனவே ‘பெர்னதெத்து’ என்பதே மூலத்திற்கு நெருங்கியது. ஆங்கிலத்தின் நுனியண்ண ஒலி தமிழ்ச் செவிக்கு டகரமாகப் படுவதால் நேர்ந்த விலகல் இது.

மற்றொரு சான்று இந்நகரோடு தொடர்புடையது. 1821இல் சிங்கப்பூர் வந்து, 1839இல் கொரியாவில் மறைசாட்சியாக உயிர்நீத்து, 1984இல் புனிதராக உயர்த்தப்பட்ட பிரெஞ்சு ஆயரின் பெயரை ஆங்கில எழுத்துவழி ‘இம்பெர்ட்’ என்று எழுதக்கூடும். பிரெஞ்சில் முதலுயிர் மூக்கொலி சார்ந்த எகரம். இறுதி டகரம் ஒலிப்பதில்லை. ‘எம்பேர்’ என எழுதின், மகரத்தை அடுத்த பகரம் தமிழியல்பால் தானே மென்மையுறும். கிரந்த எழுத்தோ புதுக்குறியோ வேண்டுவதில்லை.

எனினும் மூல ஒலியைப் போற்றுவதாகக் கூறும் முயற்சிகள் யாவும் ஏற்கத்தக்கன அல்ல. ‘ழான்’ எனப் பிரெஞ்சுப் பெயரை எழுதும் மொழிபெயர்ப்பு மரபு, சிறப்பு ழகரத்திற்கு அதற்குரியதல்லாத ஒலியைச் சுமத்துகிறது. அக்குறியீட்டை முன்னறியாத தமிழர் அதனைத் தமிழாகவே வாசிப்பர், பிரெஞ்சும் கிட்டாது.

இது எழுத்துச் சிக்கல் மட்டுமன்று. பாட்டனார் இராயப்பர், பெயரன் பீட்டர். இருவர் பெயரும் ஒன்றே என்பதை இருவருமே அறியாதிருத்தல் கூடும். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு பேதுரு, யோவான், பவுல் என்னும் வடிவங்களை ஏற்றது. சபைகளிடையே ஒருமை கருதிய அம்முடிவின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆயின் குடும்பப் பெயர்களிலும் கல்லறை எழுத்துகளிலும் வாழும் பழைய வடிவங்களுக்கு விளக்கம் தருவார் அருகிவிட்டால், அவை பொருளற்ற ஒலிகளாகிவிடும். லாசர் என்பதன் பொருள்பெயர்ப்பான ‘தேவசகாயம்’ 2022இல் உரோமையின் புனிதர் வரிசையிலேயே இடம்பெற்றமை, பெயர்க்கப்பட்ட பெயரும் தன்னளவில் முழுமை பெறும் என்பதற்குச் சான்று.

ஆகவே, நிலைபெற்ற தமிழ் வடிவங்களை அவ்வாறே பேணுதலும், புதியனவற்றை மூலமொழியின் ஒலிப்பறிந்து தமிழெழுத்தால் அமைத்தலும் தக்கன என்பது நம் துணிபு. ஆங்கிலம் நமக்குப் பொதுமொழியாயினும், பிரெஞ்சுப் பெயருக்கும் தமிழ்ச் செவிக்கும் இடையில் அது நிற்க வேண்டிய தேவை இல்லை.