தூக்கிப் போக முடியாதவை

பாரிசில் மகள் வீட்டில் இருந்த மூன்று வாரத்தில் என்னைப் பெரிய மியூசியத்துக்கெல்லாம் கூட்டிப் போனாள். மோனாலிசாவைக் கூட்டத்தின் தலைகளுக்கு மேலே ஒரு கையகலம் பார்த்தேன். மனதில் நின்றது அது இல்லை, இயேனா சதுக்கத்தில் இருக்கும் கீமே அருங்காட்சியகம். எமில் கீமே என்ற தொழிலதிபர் 1879-இல் லியோன் நகரத்தில் தொடங்கி, பத்து ஆண்டு கழித்துப் பாரிசுக்கு மாற்றியது. ஆசியக் கலைக்கென்றே உள்ள இடம். கம்போடியக் கற்சிலைகளைத் தாண்டிப் போனால் நம்மூர்ச் செம்புத் திருமேனிகள். சோழர் கால நடராசர் ஒருவர் தனியாக ஆடிக்கொண்டிருந்தார்.

அங்கேதான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நடராசரின் முதுகைப் பார்த்தேன். கோயிலில் முன்பக்கம் மட்டும்தான் நமக்கு. பின்னால் சுவர், திரை, அர்ச்சகர். இங்கே சுற்றி வரலாம். தலைக்குப் பின்னால் இருக்கும் சிரச்சக்கரம், முதுகில் பூணூல் சரியும் வளைவு, யாரும் பார்க்க மாட்டார்கள் என்று தெரிந்தும் வார்த்தவன் விடாமல் செய்த வேலை. அருங்காட்சியகம் நமக்குச் செய்யும் உபகாரம் இது, ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் நான் ராஜபாளையத்துக்காரன். ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர். சின்ன வயதிலிருந்து எங்களுக்குச் சிற்பம் என்றால் செம்பு இல்லை, தூண். அந்தக் கூடங்களில் ஒரு தூணைத் தேடினேன். வீரபத்திரரும் கர்ணனும் ஒட்டி நிற்கும் எங்கள் ஊர்ப் பக்கத்துத் தூண் எதுவும் கண்ணில் படவில்லை. படாததில் ஆச்சரியமும் இல்லை. இரண்டு ஆள் உயரக் கருங்கல்லை யார் கப்பலேற்றுவது?

இந்த மலருக்குத் தென்பாண்டிச் சிற்ப மரபுகளைப் பற்றி எழுதச் சொன்னதும் அந்தக் கேள்விதான் முதலில் வந்தது. நம் கலையில் எது உயர்ந்தது, எது சரிவு என்ற பட்டியலைப் பள்ளிப் புத்தகத்திலிருந்தே மனப்பாடம் செய்திருக்கிறோம்: பல்லவர் தொடக்கம், சோழர் உச்சம், நாயக்கர் ஆடம்பரம். இந்தப் பட்டியலைப் போட்டவர்களுக்கு எது கையில் கிடைத்தது என்று பார்க்க வேண்டாமா? 1876-இல் இந்தியக் கட்டடக் கலை வரலாறு எழுதிய பெர்குசன், அந்த வரலாறே சரிவின் வரலாறு என்று கருதியவர். பிறகு செம்புக்கு நல்ல காலம் வந்தது. சிற்பி ரோதென் சென்னை அருங்காட்சியகத்து நடராசரைப் போட்டோவில் மட்டும் பார்த்து மயங்கி எழுதிய கட்டுரை 1921-இல் வெளியானது. சிலை போகாத ஊருக்கு அதன் படம் போயிற்று. இருட்டு மண்டபத்துத் தூணுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. தூக்கிப் போக முடிந்தது உயர்ந்த கலை ஆனது. முடியாதது இருந்த இடத்திலேயே தரம் குறைந்தது. முழு உண்மை இல்லைதான். பாதிக்கு மேல் உண்மை என்பேன்.

தப்பிப் போன தூண்களும் உண்டு. 1912-இல் மதுரைக்கு வந்த அடலின் பெப்பர் கிப்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி, மதனகோபாலசுவாமி கோயில் மண்டபத்துத் தூண்களை விலைக்கு வாங்கிப் போனார். 1919-இல் அவை பிலடெல்பியா அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தன. இன்றைக்கும் அங்கே ஒரு மண்டபமாகவே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தூணைத் தூணாகப் பார்க்க வேண்டுமானால் மண்டபத்தையே கட்ட வேண்டியிருக்கிறது.

தூணை எப்படிப் பார்ப்பது? இதற்கு ஒரு நல்ல வழி சொன்னவர் புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர் ழுவோ துப்ரேய். 1914-இல் வந்த அவருடைய தென்னிந்தியத் தொல்லியல் நூலை வெளியிட்டது, வேடிக்கையைப் பாருங்கள், அதே கீமே அருங்காட்சியகம்தான். தேதி தெரியாத கோயிலுக்கும் காலம் சொல்ல அவர் பிடித்துக்கொண்டது போதிகையை. தூணின் உச்சியில் உத்தரத்தைத் தாங்க இரண்டு பக்கமும் நீளும் கை அது. பல்லவர் போதிகை வளைந்து, அலை அலையாகச் சுருண்டிருக்கும். சோழர் போதிகை சாய்வாக வெட்டப்பட்டு நடுவில் ஒரு முளை நீட்டியிருக்கும். விசயநகரக் காலத்தில் அந்த முளை மொட்டாகும். நாயக்கர் காலத்தில் மொட்டு முற்றி வாழைப்பூவாகத் தொங்கும். பேத்திக்கு இதைச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது எந்தக் கோயிலுக்குப் போனாலும் சாமியைப் பார்ப்பதற்கு முன்னால் அண்ணாந்து பார்க்கிறாள். கழுத்து வலிக்கிறது என்று என்னைத் திட்டுகிறாள்.

எங்கள் பக்கத்தில் பாண்டியர் பள்ளியைப் பார்க்கத் திருமலாபுரம் குடைவரையும் கழுகுமலை வெட்டுவான் கோயிலும் போதும். வெட்டுவான் கோயில் எட்டாம் நூற்றாண்டு. மலையை மேலிருந்து கீழே செதுக்கி இறங்கி, அடிப்பகுதி முடியாமல் நின்ற வேலை. அதில் உருவங்கள் உடம்பை அலட்டிக்கொள்வதில்லை. விமானத்து மூலைகளில் உட்கார்ந்திருப்பவர்களின் தோள்களில் ஒரு சோம்பல் இருக்கும். சோழர் தூணை வெறுமையாக விட்டுவிட்டுச் சுவரில் கோட்டத்துக்குள் தெய்வத்தை வைத்தார்கள். தூணிலிருந்து ஆளைப் புறப்பட வைத்தது விசயநகரமும் நாயக்கரும். அணியொட்டிக்கால் என்பார்கள்: நடுவில் தூண், அதை ஒட்டி யாளியோ குதிரையோ ஆள் உயரச் சிலையோ, எல்லாம் ஒரே கல். வேலூரும் ஸ்ரீரங்கமும் குதிரை வீரர்களுக்குப் பேர் போனவை. தெற்கே வர வர மனிதர்கள் கூடுகிறார்கள். மதுரைப் புதுமண்டபத்தில் திருமலை நாயக்கரே (1623–1659) தொப்பையும் கும்பிட்ட கையுமாக நிற்கிறார்.

வீரபத்திரர், அர்ச்சுனன், கர்ணன், குறவன், ரதி, மன்மதன். இந்தக் கூட்டம் தாடிக்கொம்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், தென்காசி, திருநெல்வேலி, கிருஷ்ணாபுரம், திருக்குறுங்குடி என்று இறங்கிப் போகிறது, ஊருக்குச் சில முகங்கள் கூடியும் குறைந்தும். ஒரே நாடகத்தை வேறு வேறு கம்பெனி நடத்திய மாதிரி. கிருஷ்ணாபுரம்தான் நட்சத்திரக் கம்பெனி. நாகாஸ்திரத்தோடு நிற்கும் கர்ணனும், அரசகுமாரியைத் தோளில் தூக்கி ஓடும் குறவனின் விலா எலும்பும் பார்த்தவர்களுக்கு மறக்காது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் மண்டபத்துத் தூண்கள் அவ்வளவு பேசப்படுவதில்லை. வருகிறவர்கள் பதினொரு நிலை, 192 அடிக் கோபுரத்தைப் போட்டோ எடுத்து, பால்கோவா வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். (அரசு முத்திரையில் இருப்பது எந்தக் கோபுரம் என்ற வழக்குக்குள் நான் வரவில்லை.) விசயநகரத்துக்கும் இந்த ஊருக்கும் உறவு பழையது, ஆண்டாள் கதையை ஆமுக்தமால்யதா என்று தெலுங்கில் காவியமாக்கியவர் கிருஷ்ணதேவராயர். ராஜபாளையத்தில் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற எங்களுக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

தரம் என்று வந்தால் சிற்பிகளுக்குச் சொந்த அளவுகோல் இருந்தது. முகத்தின் நீளம் ஒரு தாலம். திருமால், சிவன் போன்றவர்களுக்கு உத்தம தசதாலம், அதாவது மொத்த உயரம் 124 பங்கு, தேவியருக்கு 120. இது ஏட்டு அளவு, யாரும் கற்கலாம். ஏட்டில் இல்லாத அளவு ஒன்று பேச்சு வழக்கில் வந்திருக்கிறது. புதிதாகக் கோயில் கட்ட ஒப்பந்தம் எழுதும்போது, ஆவுடையார்கோயில் கொடுங்கையும் திருவலஞ்சுழிப் பலகணியும் திருவீழிமிழலை வவ்வால்நத்தி மண்டபமும் நீங்கலாக மற்றது எதுவும் செய்து தருவோம் என்று தச்சர்கள் எழுதுவார்களாம். அரசன் பெயரும் இல்லை, காலமும் இல்லை. கையால் முடியுமா முடியாதா, அது ஒன்றுதான். எந்த அருங்காட்சியகக் குறிப்புப் பலகையிலும் இவ்வளவு நேர்மையான மதிப்பீட்டை நான் படித்ததில்லை.

இந்த அளவை வைத்துப் பார்த்தால் நாயக்கர் சிற்பம் எல்லாம் தேறாது. மூக்குகள் கிளி மூக்காகக் கூர்ந்துவிட்டன. முழங்கால் சில்லு தனியாக ஒட்டவைத்த வட்டு போல இருக்கிறது. நகையைச் செதுக்கிய பொறுமை முகத்துக்கு வரவில்லை. சரிவு என்று சொன்னவர்கள் கண்ணில்லாமல் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த கல்தச்சர் ஒருவரை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப் போனபோது அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. நேராகக் கைக்கும் இடுப்புக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிக்குப் போனார்.

“இங்க பாருங்கண்ணாச்சி. கை தனியா நிக்குது. உளி உள்ள போகணும், போன உளி திரும்பி வரணும். கொஞ்சம் சறுக்குச்சின்னா கை போச்சு. கை போச்சுன்னா தூணே போச்சு. வேற கல்லு வச்சு ஒட்ட முடியாதுல்லா.”

செம்பில் பிசகினால் உருக்கி மறுபடி வார்க்கலாம். இங்கே ஒரு விரல் உடைந்தால் மண்டபத்துக்கே ஒரு கால் குறையும். அந்தப் பயத்தோடு, ஆளைக் கல்லிலிருந்து எவ்வளவு தூரம் வெளியே கொண்டுவர முடியும் என்று பார்த்தவர்கள் இவர்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட பரீட்சை அது. சோழச் செம்பின் குழைவை இதில் தேடுவது நாகசுரத்தில் வீணையைத் தேடுவது.

இன்னொன்று, இது நின்று பார்க்கும் சிற்பம் இல்லை, நடந்து பார்ப்பது. கீமேயில் விளக்கு ஒரே இடத்திலிருந்து விழுகிறது. நாம் சிலையைச் சுற்றுகிறோம். மண்டபத்தில் வெளிச்சம் பக்கவாட்டில் வருகிறது, நாம் சன்னதியைப் பார்த்து நடக்கிறோம், கண்ணோரத்தில் ஒவ்வொரு தூணாக ஆள் வெளியே வந்து மறைகிறார். காலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். பத்து மணிக்கு மேல் இந்தக் கூத்து இல்லை.

சில கோயில்களில் திருப்பணி என்ற பெயரில் மணல் வீசிச் சுத்தம் செய்து, தூணின் தோலையே உரித்துவிட்டார்கள். அரசு தடை போட்ட பிறகுதான் அது அடங்கியது. நகக்கண் வரை செதுக்கியவனின் வேலை ஒரு மத்தியானத்தில் போனதை நினைத்தால் வயிறு எரிகிறது. எண்ணெய்ப் பிசுக்கும் புகையும் அதற்கு எவ்வளவோ மேல்.

போன மார்கழியில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தனியாகப் போயிருந்தேன். பாரிசில் கண்ணாடிக்குக் கிட்டத்தில் விரலை நீட்டியதற்கே காவல்காரப் பெண் ஓடி வந்தாள். இங்கே யாரும் தடுக்கவில்லை. தச்சர் காட்டிய இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தேன். இரண்டாவது கணு வரை போயிற்று. உள்பக்கமும் வழவழப்பாகத்தான் இருந்தது. யார் கண்ணுக்கும் படாத அந்த இடத்தையும் ஒருவன் தேய்த்திருக்கிறான். பின்னாலிருந்து ஒரு பாட்டி, “சாமி உள்ள இருக்கு, இங்க என்னத்தத் தேடுறீக?” என்றாள். விரலை எடுத்தேன். கறுப்பாக எண்ணெயும் குங்குமமும். துடைக்க இடம் பார்த்தேன். பக்கத்துத் தூணில் ஏற்கெனவே நிறையப் பேர் துடைத்திருந்தார்கள்.