தரையோரக் கரும்பலகை

தமிழகத் தொடக்கப்பள்ளிகளில் 2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் பரவியபோது, சம்மணமிட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி சுவரின் அடியில் கரும்பலகைகள் வந்தன. ஆளுக்கொரு கட்டம். 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, சிற்றூர்கள் சிதறிக் கிடக்கும் கொல்லிமலையில், பல வகுப்புகளை ஒரே ஆசிரியர் பார்க்க நேரும் அறையில் இதன் அருமை கூடுதல். ஒரு நடை நடந்தால் போதும்: யார் ‘ழ’வைத் தவறாகச் சுழிக்கிறார்கள், யார் கடன் வாங்கிக் கழிக்க மறந்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1-இல்தான் திறந்தன. கல்வித் தொலைக்காட்சி இருந்ததே என்பார்கள். இருந்தது, பாடத்தை மலைக்கு ஏற்றவும் அதனால் முடியும். ஆனால் பிள்ளையின் கை என்ன எழுதுகிறது என்று அது பார்ப்பதில்லை. ஆறு வயதில் படிப்பின் பெரும்பகுதி அந்தப் பார்வைதான். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, மாலை வேளையில் தன்னார்வலர்களைப் பிள்ளைகளின் பக்கத்தில் உட்காரவைத்ததும் இதனால்தான் என்று நினைக்கிறேன். தரையோரப் பலகையில் தவறு எல்லோருக்கும் தெரிவது கூச்சம் தராதா? தனியே எழுப்பிப் பெரிய பலகைக்கு அழைத்தால் தரும். எல்லோரும் வரிசையாக எழுதி அழிக்கும் இடத்தில் அவ்வளவாக இல்லை. சாக்பீஸ் தூள் பற்றிய புகார் மட்டும் நியாயமானது.