மலைக்குக் கூடவே வரும் ட்ரைபொட்

முன்பு என்னிடம் இருந்த ட்ரைபொட் மூன்று கிலோ. பண்டாரவளை வீட்டின் மூலையில்தான் அது காலம் கழித்தது. எல்ல ரொக் ஏறப் போனாலும் சரி, நாரங்கலை போனாலும் சரி, "இன்றைக்கு வேண்டாம்" என்று விட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். போன வருடம் மன்ஃப்ரோட்டோவின் பீஃப்ரீ அட்வான்ஸ்ட் வாங்கினேன். ஒன்றரைக் கிலோதான். கால்களைத் தலைக்கு மேலாக மடித்தால் 40 சென்ரிமீற்றர். தண்ணீர்ப் போத்தலுக்குப் பக்கத்தில் பையில் செருகிவிடலாம். அன்றிலிருந்து அது இல்லாமல் நான் மலை ஏறியதே இல்லை!

காபன் ஃபைபர் இன்னும் இலேசு, விலையோ எட்டாது. அலுமினியமே எனக்குத் தாராளம். வாங்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: கால்களை முழுக்க நீட்டி, தலையில் கையை வைத்து அழுத்துங்கள். வளைந்தாலோ வழுக்கினாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உயரம் கண்மட்டத்துக்கு வரவேண்டும் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை. தேயிலைச் செடியே இடுப்பளவுதானே.

அந்த ட்ரைபொட்டின் அருமையை ஓகஸ்ட் மாதம், லிப்டன் சீட்டில் கண்டேன். தம்பேதென்ன தொழிற்சாலையிலிருந்து ஏழு கிலோமீற்றர் ஏற்றம். விடியுமுன் பஸ் ஏது? ஹப்புத்தளையிலிருந்து ஓட்டோவில் தொழிற்சாலை வரை போய், டோர்ச் வெளிச்சத்தில் நடந்தேன். ஊவாத் தேயிலைக்கு அந்த வாசத்தைக் கொடுக்கும் கச்சான் காற்று அன்று ஆளையே தள்ளியது. நடுத்தண்டை உயர்த்தவேயில்லை, உயர்த்தினால் ஆட்டம்தான். கால்களின் மெல்லிய கடைசிப் பகுதிகளை உள்ளேயே விட்டு, தடித்தவற்றை மட்டும் நீட்டி, கால்களை அகல விரித்தேன். பையை நிலத்தில் உரசும்படி தொங்கவிட்டேன். அந்தரத்தில் தொங்கினால் காற்றில் ஊசலாடி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். கமராவின் வாரையும் கழற்றிவிட்டேன், அதுவும் படபடவென்று அடிக்கும். நடுக்கக் கட்டுப்பாட்டை நிறுத்தி, இரண்டு செக்கன் டைமர் போட்டு, பதினைந்து செக்கன் திறந்துவைத்தேன்.

திரையில் வந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். வெறும் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்த சரிவில் ஒவ்வொரு நிரையும் தனித்தனியாக விழுந்திருந்தது. பள்ளத்து மூடுபனி பால்போல் வழிந்திருந்தது. நடுவே ஒரு லயத்து வரிசையில் ஒரேயொரு மஞ்சள் விளக்கு, ஊசிமுனை போல, கொஞ்சமும் கலையாமல். கையில் பிடித்து எடுக்கக்கூடிய படமா இது!

இறங்கும் வழியில் இன்னொரு முறை, செடிகளுக்கிடையே தாழ்த்தி நிறுத்தினேன். பனியில் கால்கள் நனைந்து, திருகு பூட்டைத் தொட்டால் விரல் விறைத்தது. ஆனாலும் அரைத் திருகலில் இறுகியது. கொழுந்துக்குப் போன அக்கா ஒருவர் நின்று கேட்டார்:

"என்னா தம்பி, காணி அளக்க வந்தீங்களா? எங்களுக்கு வீடு கட்ட ஏழு பேர்ச் தரப் போறாங்களா?"

"இல்லக்கா, போட்டோ எடுக்கத்தான்" என்று விடியற்காலைப் படத்தைக் காட்டினேன். தலைக்கயிற்றை நகர்த்தி, குனிந்து, வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்த மஞ்சள் புள்ளியில் விரலை வைத்தார்.

"இது எங்க லயம். ரொட்டி சுட நான்தான் லைட்டப் போட்டேன்."