அட்டை செல்லும்போதே வக்கீல்

அமெரிக்காவில் டி.பி.எஸ். எனப்படும் தற்காலிகப் பாதுகாப்பு 1990ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் பிறந்தது. சொந்த நாட்டில் போரோ பேரிடரோ ஏற்பட்டால், ஏற்கெனவே அமெரிக்காவில் இருப்பவர்களை நாடு கடத்தாமல் வேலை அனுமதியும் தருகிற ஏற்பாடு. ஒரு தவணை 6 முதல் 18 மாதம். மிட்ச் புயலுக்குப் பின் 1999இல் ஹோண்டுராஸ், நிகரகுவா நாட்டவருக்குக் கொடுத்தார்கள். 2025 ஜூலையில் ரத்து என்று அறிவித்தார்கள்.

“தற்காலிகம் என்றால் தற்காலிகம்தானே” என்கிறது அரசு தரப்பு. சட்டத்தின் எழுத்துப்படி சரி. ஆனால் இந்த இரு நாட்டவரில் 1998 டிசம்பர் 30 முதல் அங்கேயே வசிப்பவர்களுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு கிடைத்தது. கால் நூற்றாண்டாக, கட்சி மாறிய அரசுகளும் தவணையை நீட்டி, கட்டணம் வாங்கி, கைரேகையும் எடுத்தன. அதற்குப் பிறகு அந்த வாதம் பாதிதான் நிற்கும்.

ஆதரவு தரப்பிலும் குறை உண்டு. ரத்து அறிவித்த பிறகுதான் ஊர்வலமும் உணவுப் பொட்டலமும் வருகின்றன. பசிக்கு அது வேண்டியதே. நாடு கடத்தலை அது தடுக்காது. குடியேற்ற நீதிமன்றத்தில் அரசு செலவில் வக்கீல் கிடையாது. ஆகவே வக்கீலுக்குக் கொடுக்கும் பணத்துக்குத்தான் மதிப்பு அதிகம், அதுவும் டி.பி.எஸ். அட்டை செல்லுபடியாகும்போதே. காரணம் இருக்கிறது. அமெரிக்கா வந்த ஓராண்டுக்குள் புகலிடம் கேட்க வேண்டும் என்பது விதி, டி.பி.எஸ். இருந்த காலத்துக்கு விலக்கு உண்டு. பாதுகாப்பு போன பிறகு நியாயமான காலத்துக்குள் மனு போடாவிட்டால் அந்த விலக்கும் போய்விடும்.

வக்கீல் முதலில் கேட்க வேண்டியது, “எப்படி உள்ளே வந்தீர்கள்?” என்பதே. விசாவில் வந்தவருக்கு அங்கேயே பிறந்து 21 வயதான பிள்ளை மனு போட்டால், நாட்டை விட்டு வெளியேறாமலே பச்சை அட்டை கிடைக்க வாய்ப்புண்டு. அனுமதியில்லாமல் எல்லை தாண்டி வந்தவருக்கு டி.பி.எஸ். மட்டும் அந்தக் கதவைத் திறக்காது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இரண்டு பேர் கையிலும் ஒரே டி.பி.எஸ். அட்டைதான், விதி வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே துண்டறிக்கை கொடுப்பதை நான் உதவியில் சேர்க்க மாட்டேன். பெற்றோர் பிடிபட்டால் பிள்ளை யாரிடம் என்று எழுதிய பாதுகாவலர் பத்திரமும் பிள்ளையின் பாஸ்போர்ட்டும் அதைவிடப் பயன்படும்.

வக்கீலாலும் மீட்க முடியாதவர்கள் மிஞ்சுவார்கள். அவர்களுக்கான வழியும் சட்டத்துக்குள்ளேயே கிடக்கிறது. நீண்டகாலம் வசித்த, நன்னடத்தை உள்ளவரைப் பதிவுசெய்து நிரந்தர வசிப்புரிமை தரும் பிரிவு 1929 முதல் உண்டு. அதன் தகுதித் தேதியை நாடாளுமன்றம் பலமுறை முன்னகர்த்தியிருக்கிறது. இன்றுள்ள தேதி 1972 ஜனவரி 1. அதற்கு முன் வந்தவருக்கே பலன். முழுப் புதுச் சட்டம் எழுத வேண்டியதில்லை, இருக்கும் சட்டத்தில் அந்தத் தேதியைத் திருத்தினால் போதும். கடைசியாக மாற்றியது 1986இல்.