மீனின் மேல் கட்டிய கல்

சிறுவன் ஓடையில் குனிந்து ஒரு சிறு மீனைப் பிடிக்கிறான். அதன் உடலில் நூலைச் சுற்றி, நூலின் மறுமுனையில் ஒரு கூழாங்கல்லைக் கட்டித் தண்ணீரில் விடுகிறான். மீன் திணறித் திணறி நீந்துகிறது. அவன் வாய்விட்டுச் சிரிக்கிறான். அடுத்து ஒரு தவளை, பிறகு ஒரு பாம்பு. இதையெல்லாம் சற்றுத் தள்ளி நின்று கிழத் துறவி பார்த்துக்கொண்டிருக்கிறார். அன்றிரவு, தூங்கும் பையனின் முதுகில் ஒரு பெரிய கல்லைக் கட்டிவிடுகிறார். விடிந்ததும், போய் மூன்றையும் அவிழ்த்துவிட்டு வா, ஒன்று செத்திருந்தாலும் அந்தக் கல்லை ஆயுளுக்கும் நெஞ்சில் சுமப்பாய் என்று அனுப்புகிறார். தவளை மட்டும் உயிரோடு இருக்கிறது. செத்த பாம்பின் முன் பையன் உடைந்து அழுகிறான்.

கிம் கி டுக் 2003இல் எடுத்த ‘வசந்தம், கோடை, இலையுதிர், குளிர்... மீண்டும் வசந்தம்’ இப்படித்தான் தொடங்குகிறது. பௌத்த சினிமா என்று பேச்செடுத்தாலே முதலில் சொல்லப்படும் படம் இது. வினை, பயன், பொறுப்பு என்ற மூன்றையும் ஒரு நூலையும் கல்லையும் வைத்தே சொல்லிவிடும் இந்தத் தொடக்கத்துக்கு இணையாகச் சொல்ல எனக்கு அதிகப் படங்கள் தெரியாது. ஆனாலும் மூன்றாம் முறை பார்த்தபோது ஒரு கேள்வி உறுத்தியது. இன்றுவரை அது என்னை விடவில்லை. அந்தத் துறவி ஏன் அப்போதே தடுக்கவில்லை?

பகலிலேயே பார்த்துவிட்டார். ஓடையும் அங்கேதான் இருக்கிறது. நான்கு அடி எடுத்து வைத்திருந்தால் நூலை அவிழ்த்துவிட்டிருக்கலாம். அவரோ இரவு வரும்வரை காத்திருக்கிறார். பாடம் முழுமையாகப் பதிய வேண்டும் என்பதற்காக மீனும் பாம்பும் சாக விடப்படுகின்றன. செயலுக்குப் பின்னால் இருக்கும் மனத்தின் எண்ணமே வினை என்பது புத்தர் போதித்தது. அந்தக் கணக்கில், விளையாட்டாகக் கட்டிய குழந்தையின் வினையைவிட, விளைவு தெரிந்தும் பார்த்து நின்ற பெரியவரின் வினையே கனமானது. அவர் நெஞ்சிலும் ஒரு கல் இருந்தாக வேண்டும். படம் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

ஜென் மரபில் இப்படிக் கடுமையான குருமார்கள் உண்டே என்று மறுக்கலாம். நியாயமான மறுப்புதான். சீடர்கள் சண்டையிட்டதற்காக நான்சுவான் என்ற குரு பூனையையே வெட்டிய கதை அந்த மரபில் பெயர்பெற்றது. ஆனால் அந்தக் கதை ஆயிரம் ஆண்டுகளாகக் கேள்வியாகவே நிற்கிறது; கேட்பவனின் நிம்மதியைக் கெடுப்பதுதான் அதன் வேலை. கிம்மின் படத்தில் குரு கேள்விக்கு அப்பாற்பட்டவர். இரக்கத்தைக் கற்றுக்கொடுப்பதற்காக இரக்கத்தைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைக்கலாம் என்று படம் நம்புகிறது. திரையில் துடிக்கும் அந்த உயிர்கள் பொம்மைகள் அல்ல என்பதையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

படத்தின் உச்சம் இலையுதிர் காலம். மனைவியைக் கொன்றுவிட்டு, வளர்ந்த சீடன் ஏரி நடுவில் மிதக்கும் மடத்துக்குத் திரும்பி வருகிறான். குரு பூனையின் வாலை மையில் தோய்த்து, பலகைத் தரையில் இதய சூத்திரத்தை எழுதுகிறார். சீன எழுத்தில் 260 எழுத்துகள். கொலை செய்த அதே கத்தியால் அவற்றை ஒவ்வொன்றாகச் செதுக்கச் சொல்கிறார். பிடிக்க வந்த போலீசார் காத்திருக்கிறார்கள். விடிய விடியச் செதுக்கிக் களைத்து அவன் தூங்கிப்போனதும், துப்பாக்கி பிடித்த கைகள் அந்த எழுத்துகளுக்கு வண்ணம் தீட்டுகின்றன. கோபம் கைவேலையாகி, கைவேலை களைப்பாகி, களைப்பு அமைதியாவதை அறிவுரை எதுவும் இல்லாமல் கண்ணால் பார்க்கிறோம். இந்த ஒரு காட்சிக்காகவே படத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆனால் செத்தவள் யார்? உணவு பொதிந்து வந்த செய்தித்தாளில் ஒரு துணுக்காக மட்டுமே அவளுடைய சாவு நம்மிடம் வருகிறது. கோடையில் நோய் தீர வந்த பெண் காமமாகிறாள். குளிரில் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வரும் தாய், குழந்தையை விட்டுவிட்டு, பனிக்கட்டியில் துறவி வெட்டிவைத்த துளைக்குள் விழுந்து சாகிறாள். படத்தில் வரும் பெண்கள் எல்லோரும் ஆணின் பாதையில் கிடக்கும் தடைகள் அல்லது அவனுக்குப் பாடங்கள். எவளுக்கும் தனக்கென்று ஒரு பாதை இல்லை.

இதைப் பௌத்தம் அப்படித்தான் என்று சொல்லிக் கடந்துபோக மணிமேகலையைப் படித்தவர்களால் முடியாது. அங்கும் ஆசை துரத்துகிறது, அந்த ஆசையால் கொலையும் நடக்கிறது. காயசண்டிகையின் உருவத்தில் இருந்த மணிமேகலையைத் தன் மனைவி என்று நினைத்த காஞ்சனன், அவளை விடாமல் தொடர்ந்த உதயகுமாரனை வாளால் வெட்டுகிறான். ஆனால் கதை அவனோடு போவதில்லை, அவளோடு போகிறது. அழுவதும் அவள், சிறைப்படுவதும் அவள், தன்னைச் சிறையிட்ட அரசியின் மனத்தை மாற்றுவதும் அவளே. கடைசியில் காஞ்சியில் அறவண அடிகளிடம் பன்னிரண்டு சார்புகளைக் கேட்டுத் தெளிபவளும் அவள்தான். கொரியக் கலைஞருக்கு மணிமேகலை தெரிந்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பெண்ணை ஆசையின் உருவமாக மட்டும் நிறுத்துவது பௌத்தக் கதைக்குக் கட்டாயம் இல்லை என்பதே என் வாதம். ஒன்றைச் சார்ந்தே இன்னொன்று தோன்றும் என்ற சார்புக் கொள்கைக்குள் யாரும் இன்னொருவருக்கு வெறும் பின்னணி ஆக முடியாது.

குளிர்காலப் பகுதியில் கிம்மே நடுவயதுத் துறவியாக வருகிறார். இடுப்பில் எந்திரக்கல்லைக் கட்டி, கையில் சிலையை ஏந்தி, வழுக்கி விழுந்து எழுந்து மலை ஏறுகிறார். பின்னணியில் ஒரு நாட்டுப்பாடல். இடையிடையே கல் கட்டிய மீன், தவளை, பாம்பு. பார்ப்பவருக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், எனக்கும் அடைத்தது. கொரிய மடங்களில் 108 முறை விழுந்து வணங்கி மனம் வருந்தும் வழக்கம் இருப்பதால், இது அந்நியமான சடங்கு என்றும் தள்ளிவிட முடியாது. ஆனாலும் அந்த மலையேற்றத்தால் யாருக்கு என்ன கிடைத்தது? உடலை வதைத்துப் பார்த்து, அது வழியல்ல என்று கண்டு எழுந்தவர் அல்லவா புத்தர்?

இதன் அருகில் கொன் இச்சிகாவாவின் ‘பர்மிய யாழ்’ படத்தை வைத்துப் பாருங்கள். 1956இல் வந்தது. போர் முடிந்த பிறகு உயிர் பிழைக்கப் பிறருடைய காவியைத் திருடி உடுத்திய ஜப்பானியச் சிப்பாய் மிசுஷிமா, வழியெங்கும் அழுகிக் கிடக்கும் பிணங்களைக் கண்டு ஊர் திரும்ப மறுக்கிறான். அவற்றை அடக்கம் செய்வதற்காகவே தங்கிவிடுகிறான். பர்மிய மக்கள் பட்ட பாட்டைச் சொல்லாமல் விட்டது அந்தப் படத்தின் பெரிய குறை. என்றாலும் அவனுடைய வருத்தம் இன்னொருவரின் எலும்பைத் தொடுகிறது. கிம்மின் துறவி இழுப்பதோ தன் கல்லை மட்டுமே.

இனி, நான் முன்வைக்க விரும்பும் படம். பே யோங் க்யூன் 1989இல் முடித்த ‘போதிதருமர் ஏன் கிழக்கே போனார்?’. ஓவியரான அவர் பல ஆண்டுகள் உழைத்து, எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாவற்றையும் தாமே செய்தார். அந்த ஆண்டு லொகார்னோவில் தங்கச் சிறுத்தை விருது கிடைத்தது. தலைப்பு ஒரு பழைய ஜென் கேள்வியின் சாயலில் அமைந்தது. தென்னிந்தியாவிலிருந்து போனவர் என்று மரபு சொல்லும் போதிதருமர் படத்தில் எங்கும் வருவதில்லை. 2011இல் வந்த நம் ‘ஏழாம் அறிவு’ அவரை மருத்துவமும் சண்டையும் தெரிந்த மூதாதையாக்கி, மரபணுவில் தேடியது. போதிதருமர் யாருடைய சொத்து என்பதே அதன் கவலை. அவர் ஏன் போனார் என்ற கேள்விக்கு அதில் இடம் இல்லை.

பேயின் படத்தில் மலைமேல் ஒரு சிறு மடம். கிழக்குரு ஹ்யேகோக், இளந்துறவி கிபோங், அநாதைச் சிறுவன் ஹேஜின். ஹேஜினும் கல் எடுக்கிறான், ஒரு பறவையை அடித்து வீழ்த்துகிறான். ஒளித்துவைத்துக் காப்பாற்றப் பார்க்கிறான், அது செத்துப்போகிறது. பதிலுக்கு அவன் முதுகில் யாரும் கல் கட்டுவதில்லை. செத்த பறவையின் துணை சுற்றிச் சுற்றி வந்து கத்துகிறது. காட்டில் அவன் போகும் இடமெல்லாம் அந்தக் குரல் இருக்கிறது. இங்கே பாடம் நடத்த ஒரு குரு தேவைப்படவில்லை, பாடத்துக்காக இன்னோர் உயிர் போகவும் இல்லை. இரண்டு படங்களுக்கும் இடையே உள்ள தூரத்தை இந்த ஒரு கல் எறியும் தூரத்தில் அளந்துவிடலாம்.

பேயின் படத்திலும் குறை உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது, சில இடங்களில் குருவின் பேச்சு முன்பே எழுதிவைத்த வாசகம்போல் ஒலிக்கிறது. இங்கும் பெண் மடத்துக்கு வெளியேதான் இருக்கிறாள். ஆனால் ஒரு வேறுபாடு. கண் தெரியாத தாயை விட்டுவிட்டு வந்த கிபோங்கைக் குற்றவுணர்வு விடாமல் தொடர்கிறது, துறவு அதைக் கழுவிவிட்டதாகப் படம் ஒருபோதும் சொல்வதில்லை. தாயின் உரிமை தாயின் உரிமையாகவே நிற்கிறது.

கிம்மின் படம் பெரிய கலைப்படைப்பு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது செய்தவனுக்குத் தண்டனை என்ற கணக்கைப் பௌத்த உடையில் சொல்கிறது. ஒவ்வொரு சட்டகமும் எடுத்து மாட்டிக்கொள்ளத் தோன்றும் ஓவியமாக இருப்பதால், பற்றைப் பற்றிப் பேசிக்கொண்டே நம்மைப் பற்ற வைக்கிறது. படத்துக்காக ஜூசான்ஜி ஏரியில் போட்ட செட்டைப் பிரித்து எடுத்த பிறகும், தண்ணீருக்குள் நிற்கும் அந்த வில்லோ மரங்களைத் தேடிக் கூட்டம் வருகிறது. பௌத்தப் படம் என்று ஒன்றை மட்டும் கைகாட்டச் சொன்னால் நான் பேயின் படத்தையே காட்டுவேன்.

இரண்டிலும் குரு சாகிறார். கிம்மின் சீடன் பனியில் உறைந்த படகைத் தோண்டி, குருவின் எச்சங்களைச் சிவப்புத் துணியில் பொதிந்து, பனிக்கட்டியில் தான் செதுக்கிய புத்தருக்குள் பதிக்கிறான். பனி உருகும் என்பது அவனுக்கும் தெரியும். அந்த அளவுக்கு அழகான செயல்தான். கிபோங் குருவின் உடலை முதுகில் சுமந்து மலையேறி, விறகு அடுக்கி, தன்னந்தனியாக எரிக்கிறான். இரவு முழுக்க நெருப்பு. காலையில் சாம்பலுக்குள் கையை விட்டு எலும்புத் துண்டுகளைப் பொறுக்குகிறான். கல்லால் இடித்துத் தூளாக்கி நீரில் தூவிவிடுகிறான். மடத்தில் மிஞ்சியது குருவின் சின்னப் பொதி ஒன்று. அதைச் சிறுவன் ஹேஜினிடம் கொடுத்துவிட்டு அவன் இறங்கிப் போகிறான். சிறுவன் அதை அடுப்பில் போடுகிறான்.