ஸ்ரீரங்கத்துத் தாயக்கட்டை

மங்கோலியர்களின் சதுரங்கமான ஷதாரில் பிஷப்புக்குப் பதில் ஒட்டகம் நிற்கும். மேய்ச்சல்காரர்கள் தம் ஒட்டகத்தையும் குதிரையையும் மரத்தில் செதுக்கிக் கட்டத்தில் இறக்கிவிட்டார்கள். நம் தாய ஆட்டக் காய்களுக்கு அந்த ஆடம்பரம் கிடையாது. புளியங்கொட்டை, சோழி, உடைந்த வளையல் துண்டு. அழகெல்லாம் உருட்டும் தாயக்கட்டையில்தான்.

வைகுண்ட ஏகாதசி இரவில், கண் விழிக்க ஸ்ரீரங்கத்து வீடுகளில் ஏணியும் பாம்பும் வரைந்த பரமபதத் தாளை விரிப்பார்கள். விடிவதற்குள் தாளில் ஒருமுறையாவது மேலே ஏறிவிட வேண்டும் என்று பாட்டிமார்களுக்கு ஒரு பிடிவாதம். தாயம், அதாவது ஒன்று, விழுந்தால்தானே காயே இறங்கும்!

விரல் நீளப் பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு முகம்: ஒரு புள்ளி, இரண்டு, மூன்று, இன்னொன்று வெறுமை. இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. ஒன்றுமில்லாததற்கு இத்தனை மதிப்பு வைத்தவர் குறும்புக்காரராகத்தான் இருந்திருக்க வேண்டும். கையால் செய்த பழைய கட்டையில் விளிம்பு தேய்ந்து மழுங்கியிருக்கும். புள்ளியைச் சுற்றிய வட்டம் லேசாகக் கோணியிருக்கும். உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டித் தரையில் விட்டால் எழும் கிணுகிணுப்பு பிளாஸ்டிக் பகடைக்கு வராது.

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு ஜோடி கிடந்தால், தயவுசெய்து திருச்சிப் பெரிய கடைவீதியில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.