நெருஞ்சி: முள்ளை மட்டும் பார்த்தால் பாதிப் பாட்டுதான்

குறுந்தொகை 202-வது பாட்டைப் பற்றிப் பேசும்போது, "ரோஜாவில் முள் இருக்கிற மாதிரி காதலிலும் துன்பம் இருக்கு" என்று முடித்துவிடுகிறார்கள். நெருஞ்சியைக் குனிந்து பார்த்தவர் யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள்.

மழை முடிந்த கையோடு திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம் மானாவாரி நிலங்களில் நடந்தால் தரையோடு படர்ந்து கிடக்கும். சிறுசா ஐந்து மஞ்சள் இதழ், ஒரு நாள் பூ. இலையிலோ தண்டிலோ முள்ளே கிடையாது. பூ உதிர்ந்த அதே இடத்தில் காய்க்கிறதே, அந்தக் காய்தான் முள். முற்றினால் ஐந்து துண்டாக உடையும். ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் இரண்டு நீள முள், இரண்டு குட்டி முள். அமெரிக்காவில் இதுக்கு 'பஞ்சர் வைன்' என்றே பேர். இதை ஒடுக்குவதற்காகவே 1961-ல் இரண்டு வகை வண்டுகளை இறக்குமதி செய்து விட்டிருக்கிறார்கள்!

வள்ளுவருக்கும் இது தெரிந்திருக்கு. 1120-வது குறளில் பாதத்தை உறுத்துவதாக அவர் சொல்வது நெருஞ்சிப் பழத்தை.

இப்போ பாட்டுக்கு வருவோம். எழுதியவர் அள்ளூர் நன்முல்லையார். பரத்தையிடம் போய்வந்த தலைவனுக்காகத் தூது வந்த தோழியிடம், 'உள்ளே விட முடியாது' என்று தலைவி மறுக்கிறாள். மருதத்திணைப் பாட்டு, வயலும் பொய்கையும் வரும் என்று எதிர்பார்ப்போம். இவளோ புன்புலத்துக் களையைக் கொண்டுவருகிறாள். கண்ணுக்கு இனிதாக இருந்த புதுப்பூ பிறகு முள்ளைத் தந்ததாம். 'பயத்தல்' என்கிற வினையைக் கவனியுங்க: ஈனுதல், விளைதல். ரோஜாவில் பூ வேற, முள் வேற. இங்கே பூவே முள்ளாக விளைகிறது. முன்னாடி இனிமை செய்தவனே இன்று இன்னா செய்கிறான். அவள் வலி அதுதான். பூவைக் கழித்துவிட்டுப் படித்தால் வெறும் புகார்தான் மிஞ்சும்.

நம்ம மதுரைக்காரர் வேளாதத்தன் இதே பூவை 315-ல் வேறு மாதிரி கையாள்கிறார்: அவன் ஞாயிறு, என் தோள் அதை நோக்கும் நெருஞ்சி. அழகான பாட்டு. ஆனால் அங்கே சூரியனைப் பார்த்துத் திரும்பும் எந்தப் பூவை வைத்தாலும் வேலை நடக்கும். 202-ல் வேறு பூவை மாற்றிப் பாருங்க, கம்பைல் ஆகாது. அதனால் என் ஓட்டு நன்முல்லையாருக்கே.

தேடிப் போகிறவர்களுக்கு: யானை நெருஞ்சிலுக்கும் மஞ்சள் பூதான், ஆனால் இலை பெரிசு. நன்முல்லையார் சிறிய இலை என்று தெளிவாகவே சொல்கிறார். காலையிலேயே போங்க. செருப்பு கொஞ்சம் தடிமனா இருக்கட்டும்.